மரக்கா கை மாறின சாயங்காலம்

எழுபத்தொண்ணுல சண்டை நடந்தது வங்காளத்துப் பக்கம். ஆனா எங்க ஊர்ல விளக்கை அணைச்சது எங்க அப்பா.

கீழ்வேளூருக்குப் பக்கத்துல எங்க ஊரு. கடல் கிட்டக்க இருக்குறதால ராத்திரியில வெளிச்சம் தெரியக்கூடாதுன்னு உத்தரவு. அப்பா ஆளுங்கட்சியில கிளைச் செயலாளர். ஊருக்கு முன்னாடி நாம அணைச்சுக் காட்டணும்னு, பொழுது சாஞ்சா பொட்டு வெளிச்சம் விடமாட்டாரு. என் சைக்கிள் லைட்டுலகூட கறுப்புப் பெயிண்ட் அடிச்சாரு. அது எரிஞ்சே வருஷக்கணக்காச்சு. சொன்னா நாட்டுப்பற்று இல்லாத பயன்னு பேராயிடும், பேசாம இருந்துட்டேன்.

எட்டாவதுக்கு மேல பள்ளிக்கூடம் என்னைத் தாங்கல. அக்கா பதினொண்ணாவது முடிச்சிட்டு, மாப்பிள்ளை வர்ற வரைக்கும் வீட்டுல இருந்தா. பேப்பரை விரிச்சு சண்டை நியூஸ் படிக்கிறது அவ வேலை.

"என்ன மந்திரியம்மா, இன்னைக்கு யாரு ஜெயிக்கிறது?"ம்பேன்.

"நீ மொதல்ல போயி குளி. பக்கத்து நாட்டுக்காரன் நாத்தத்துலயே ஓடிருவான்"ம்பா.

அப்பதான் ரெண்டாம் போகத் தாளடி வயல்ல களை எடுப்பு நடந்துச்சு. கூலி நெல்லுதான். சாயங்காலம் தெற்குத் தெருப் பொம்பளைங்க எங்க கொல்லைக் களத்துக்கு வந்து முந்தானையை ஏந்துவாங்க. எங்க காரியக்காரரு, அதாவது அப்பாவுக்குப் பதிலா வயலைப் பாக்குறவரு, மரக்காலால அளந்து போடுவாரு. முன்னாடி பெட்ரோமாக்ஸ் எரியும். உத்தரவு வந்த பொறவு எல்லாம் இருட்டுலதான். மரக்கா நெறைஞ்சுச்சா, கொறைஞ்சுச்சான்னு அளக்குறவருக்கே தெரியாது.

ரெண்டு மூணு நாள் பொறுத்துப் பாத்தாங்க. அப்புறம் ஒருத்தரும் வேலைக்கு வரல. வயலோரத்துல விவசாயச் சங்கத்துச் செவப்புக் கொடி ஏறிடுச்சு. அப்பாவோ யுத்த நிதிக் கூட்டத்துக்குத் தஞ்சாவூர் போயிட்டாரு.

காரியக்காரரு அம்மாகிட்ட வந்து நின்னாரு. "பயிரைக் களை மூடுதும்மா. நாளைக்குக் காலையில வெளியூர் ஆளை லாரியில எறக்கிடுறேன்."

வெளியூர் ஆளை எறக்கினா என்ன ஆகும்னு அப்ப எங்க பக்கத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும். மொதல்ல வாய்ப்பேச்சு, அப்புறம் அருவா. அக்கா பேப்பரை மடிச்சு வச்சா.

"டேய், சைக்கிளை எடு."

தெற்குத் தெரு வாய்க்கா மதகுகிட்ட பொம்பளைங்க உக்காந்திருந்தாங்க. எதுக்கும் அவங்களுக்கு முன்னால நிக்கிற பெரிய பொம்பளை எங்களைப் பாத்துட்டு, "என்ன சின்னம்மா, வழி தவறிட்டீங்களா?"ன்னுது.

"ஏங்க வேலைக்கு வரல?"ன்னா அக்கா.

"அடியே, நம்மளப் போயி 'ங்க' போடுறாங்கடி!" ஒரு குட்டி சிரிச்சா. பெரிய பொம்பளை சிரிக்கல.

"இருட்டுல வாங்கிட்டுப் போறோம், வீட்டுல பாத்தா மடி லேசா இருக்கு. உங்க காரியக்காரரு எடுத்துட்டாருன்னு நான் சொல்லல. எடுக்கலன்னும் சொல்லல."

"அப்ப வெயில் இருக்கும்போதே அளந்திடலாம்."

"யாரு அளப்பா?"

அக்கா அதுகிட்டப் போயி நின்னா. "நீங்களே அளந்துக்குங்க."

எனக்கு சைக்கிள் கைநழுவிடுச்சு. எங்க வீட்டுப் பித்தளை மரக்காலுக்குக் குங்குமம் வச்சு நெல் பத்தாயத்து மேல வச்சிருப்பாங்க. வெளியாளு தொட்டா லட்சுமி போயிடுவாளாம். தெற்குத் தெரு ஆளு தொடுறதப் பத்திப் பேச்சே கெடையாது. சாதி இல்லைன்னு அப்பா மேடையில தொண்டை கட்டப் பேசுவாருதான். மரக்கா அந்தக் கூட்டத்துக்கெல்லாம் வந்ததில்ல.

அன்னைக்கு மத்தியானமே வயல்ல எறங்கினாங்க. வெயில் தாழ்றதுக்குள்ள களத்துக்கு வந்துட்டாங்க. அக்கா மரக்காலை எடுத்துட்டு வந்தா.

"பாப்பா, அப்பா வரட்டும்"னாரு காரியக்காரரு.

"அதுக்குள்ள உங்க லாரி வந்துருமே."

பெரிய பொம்பளை கையை நீட்டல. "கீழ வைங்க சின்னம்மா, எடுத்துக்குறேன்."

"கையில வாங்குங்க."

அது கையை முந்தானையில தொடைச்சுத் தொடைச்சு, அப்புறம் வாங்குச்சு. பாதிப் பேருக்கு அளந்திருக்கும், அப்பா வந்து நின்னாரு. கழுத்துல மாலையைக்கூடக் கழட்டல.

"உத்தரவுப்படி விளக்கே இல்லாம முடிச்சிடுறோம்ப்பா"ன்னேன் நான். ஒரு முறை முறைச்சாரு. அக்கா பக்கம் திரும்பினாரு.

"யாரைக் கேட்டும்மா?"

"நீங்க தஞ்சாவூர்ல இருந்தீங்க. நாளைக்கு லாரி வந்திருந்தா, அடுத்து நீங்க இரங்கல் கூட்டத்துலதான் பேசியிருக்கணும்." அக்கா எடத்தை விட்டு நகரல.

அப்பா மாலையைக் கழட்டி என் கையில குடுத்துட்டுக் கால் கழுவப் போயிட்டாரு. பெரிய பொம்பளை அக்காவைப் பாத்துச்சு. "அளங்க"ன்னா அக்கா.

எல்லாரும் போன பொறவு அம்மா மரக்காலைப் புளி போட்டுத் தேய்ச்சுக் கழுவுனா. அக்கா பாத்துக்கிட்டே நின்னா. தடுக்கல. "நாளைக்கும் குடுப்பேம்மா"ன்னு மட்டும் சொன்னா.

அப்பா காரியக்காரரைக் கூப்பிட்டு லாரி வேண்டாம்னாரு. அவரு முணுமுணுத்தாரு, "மத்த மிராசுதாருங்க கேட்டா?" "என்கிட்ட வரச் சொல்லுங்க"ன்னு அப்பா அனுப்பிட்டாரு. அப்புறம் எங்க வீட்டுல நான் கேட்டிராத ஒண்ணை அக்காகிட்ட கேட்டாரு.

"நாளைக்கு எந்த வயல்லம்மா களை?"

"மதகடி வயல்ல. ஆளு வருவாங்க. ஆனா நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா நல்லதுப்பா."

அப்பா துண்டை எடுத்துத் தோள்ல போட்டாரு. மைக் இல்லாம அவரு தெற்குத் தெருவுக்குப் போனது அன்னைக்குத்தான் மொதத் தடவை. சைக்கிளை எடுக்கவான்னு கேட்டேன்.

"வேணாம்டா. நடந்தே போறேன்"னாரு.