வாசலைப் பார்த்த நாற்காலி

எங்கள் தெரு சலூனில் யாராவது வந்து உட்கார்ந்த உடனே கடைக்காரர் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிவிடுவார். கண்ணாடி முதுகுக்குப் பின்னால் போய்விடும். முகமெல்லாம் சோப்பு நுரையோடு, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தரிசனம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். "என்னண்ணே, எங்களைக் கடைக்கு விளம்பரமா வச்சிருக்கீங்களா?" என்று கேட்டால், "இப்படித்தான் வெளிச்சம் நல்லா விழுது" என்பார். சுத்தப் பொய். தலைக்கு நேர் மேலே விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

சொந்த ஊரில் சண்டை மூண்டபோது மனைவியோடும் ஒரு பை கத்தரிக்கோல்களோடும் தப்பி வந்தவர். ஆட்களிடம் அதிகம் பேசமாட்டார். தலைகளிடம் பேசுவார். "அடங்கவே மாட்டியா நீ? போன தடவையும் இப்படித்தான் நட்டுக்கிட்டு நின்ன" என்று உச்சிச் சுழியைத் திட்டுவார். தலைக்குச் சொந்தக்காரர் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, வாசலுக்கு முதுகு காட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தபோது கல் வந்து விழுந்தது. "அகதி நாயே, வந்த வழியே ஓடு!" என்ற கத்தலும் கூடவே வந்தது. கதவுக் கண்ணாடி நொறுங்கி அவருடைய பின்கழுத்தைக் கிழித்தது. வாடிக்கையாளரின் கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தெருக்காரர்கள் தயங்காமல் சாட்சி சொன்னார்கள், எறிந்தவர்களைப் போலீஸ் பிடித்தது, புதுக் கண்ணாடியும் வந்தது. ஆனாலும் அவருடைய முதுகு சமாதானம் ஆகவில்லை. நிமிர்ந்தால் வாசல் நேராகத் தெரிய வேண்டும் என்று அவர் நாற்காலியைத் திருப்ப ஆரம்பித்தார். "கடையை மூடிட்டு வேற எங்கயாவது போயிடலாம்" என்று மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் எதிர்வீட்டு டிரைவர் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காதுகளுக்கு மேலே ஆளுக்கொரு பிடி முடி, நடுவில் பளபளவென்று மைதானம். வாசலோர பெஞ்சில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்து, "முடி வெட்டணும் தம்பி" என்றார்.

"வாங்கண்ணே."

"அவசரமில்ல. மத்தவங்களை முதல்ல பாருங்க."

கடை மூடும்வரை அவர் முறை வரவில்லை. அடுத்த நாளும் அதே கதை. டிரைவருக்கு வேறு வேலை வந்துவிட்டால், மருந்துக்கடை அம்மா வந்து அதே பெஞ்சில் 'முறைக்கு' உட்கார்ந்திருப்பார்.

"தெருவே எனக்காகப் பொய் சொல்லுது" என்று கடைக்காரர் வீட்டில் மனைவியிடம் சொல்வார். "இவங்களை விட்டுட்டு எங்க போறது?"

நேற்று கடையில் டிரைவரைத் தவிர வேறு யாரும் இல்லை. "அண்ணே, எழுந்திருங்க. உங்க முறை வந்தாச்சு" என்றார்.

"எனக்கா? எதை வெட்டப் போறீங்க?"

"இருக்கிறதை."

பெஞ்சு காலியானது. கழுத்தில் துணியைக் கட்டியதும் டிரைவர் கடை வழக்கப்படி நாற்காலியை வாசல் பக்கம் திருப்பப் போனார். இவர் அதைப் பிடித்து நிறுத்திக் கண்ணாடியைப் பார்க்க வைத்தார். பிறகு காதோரம் குனிந்து, "நீங்கதான் ரொம்ப நாளாக் காத்திருக்கீங்க" என்று அந்த ஒரு பிடி முடியிடம் சொன்னார்.

முதுகுக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"வாங்க, உக்காருங்க" என்றார். திரும்பவில்லை. கண்ணாடியைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.