ஜெசீமா டீச்சர் பிடித்த பாரை

தில்லையடியில் ஜெசீமா டீச்சரிடம் 'அ' எழுதிப் பழகாத பிள்ளைகள் குறைவு. பென்ஷன் எடுத்த பிறகும், தெருவில் அவரைக் கண்டால் தாடி நரைத்த ஆண்கள்கூட சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முள்ளைச் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு ஒரு மீன் பிடிக்கணும்."

"என்ன மீன் வேணும்?" என்று கேட்டார் கணவர் ஹாசிம். "காலையில வாங்கிட்டு வாறன்."

"வாங்க வேணாம். என்ட கையால பிடிச்சு இந்த வீட்டுக்குக் கொண்டு வரணும்."

ஹாசிம் சிரித்தார். சிரித்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

அந்த வீட்டுக்கு மீன் வருவது ஹாசிமின் கையால்தான். இரும்புக்கடை வைத்திருந்தாலும் அவருடைய கெட்டித்தனமெல்லாம் மீன் சந்தையில்தான் தெரியும். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை அமுக்குவார், மணந்து பார்ப்பார், வேண்டாமென்று திரும்பப் போடுவார். அவர் தலையைக் கண்டாலே வியாபாரிகள் சாக்கை இழுத்து மீனை மூடுவார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் சந்தைக்குப் போகும் வழக்கமில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஹாசிம் கொண்டுவந்ததை டீச்சர் வெட்டினார், மஞ்சள் பூசினார், ஆக்கினார். எது என்ன மீன் என்று தெரியும். தானாக ஒன்றைத் தெரிந்தெடுத்தது கிடையாது. "உனக்கு ஆக்கத் தெரியும் ஜெசீமா, மீன் தெரியாது" என்பார் ஹாசிம். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப்போலத்தான் அதைச் சொல்வார்.

மாம்புரியில் அனஸ்தாசியா என்றொரு பெண், வருகிறவர்களை போட்டில் ஏற்றி, விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் தூண்டில் போடக் கூட்டிப்போகிறாள் என்று ஒரு பழைய மாணவி சொல்லியிருந்தாள். நாட்டில் சண்டை முடிந்து, கரையோரம் ஹோட்டல்கள் முளைத்து, வெள்ளைக்காரப் பெண்கள் தங்களுக்குப் பெண் துணை வேண்டுமென்று கேட்கப்போய் அவள் இந்தத் தொழிலுக்கு வந்தவள். ஆம்பிளை இல்லாத போட். டீச்சருக்கு அதுதான் பிடித்திருந்தது.

ஹாசிம் ஒரேயொரு நிபந்தனை போட்டார்: தன் தங்கை நஸீஹாவையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நஸீஹாவோ வாளித் தண்ணீருக்கே பயப்படுகிறவள்.

அதிகாலையில் ஹாசிம்தான் வேனில் கொண்டுவந்து இறக்கினார். அனஸ்தாசியாவின் புருஷன் கில்பட் போட்டைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு நின்றான். அனஸ்தாசியா சேலையை வரிந்து கட்டி, மேலே கில்பட்டின் பழைய சட்டையைப் போட்டிருந்தாள்.

"பின்னேரம் வந்து ஏத்துறன்" என்றார் ஹாசிம். "மீன் வராட்டியும் பரவாயில்ல. ஆள் முழுசா வந்தாக் காணும்."

"உங்கட ஆளை அப்பிடியே தருவன் முதலாளி" என்றாள் அனஸ்தாசியா. "தங்கச்சிக்குத்தான் நான் பொறுப்பில்ல. அவ இப்பவே பச்சையாப் போனா."

கரை விலகியதும் டீச்சர் போட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் போட்டில் ஏறுவது வாழ்க்கையில் இது இரண்டாம் முறை. முதல்முறை தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரிலிருந்து. முஸ்லிம்கள் என்று ஊரே வெளியேற்றப்பட்டு, மழையில், யாருடையதென்று தெரியாத கைக்குழந்தை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கல்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்த அந்தப் பயணம். அதற்குப் பிறகு கடல் சத்தம் கேட்கிற தூரத்தில்தான் வாழ்ந்தார். ஆனால் கடலுக்குள் கால் வைக்கவில்லை. அந்தக் கடலிடம் கேட்டு வாங்கவேண்டியது ஒன்று இருப்பதாக அவருக்கு ஒரு எண்ணம். மீன் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்.

அனஸ்தாசியா அவருடைய கைகளைப் பார்த்தாள். எஞ்சினின் வேகத்தைக் குறைத்தாள்.

கரை கண்ணில் இருக்கிற தூரம்தான். நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி கடலிலிருந்து பார்க்க மெழுகுதிரியைப்போல் நின்றது. அடியில் கல்லுப்பார், மீன் அடைகிற பாறைத்திட்டு, இருக்கிற இடத்தில் நங்கூரம் போட்டாள். நங்கூரம் போய் அடியைத் தொட்டதும் போட் அசைந்தது. அசைந்ததும் நஸீஹா வாந்தி எடுத்தாள்.

"அல்லாஹ்வே, நான் மௌத்தாகப் போறன்!"

"இங்க ஒருத்தரும் சாகிறதில்ல தங்கச்சி, மீனுக்குத் தீன் போடுறீங்க. நல்லதுதான்" என்று அவளுடைய நெற்றியைப் பிடித்துக்கொண்டாள் அனஸ்தாசியா.

டீச்சரின் தூண்டிலில் இறாலைக் கோர்த்துக் கொடுத்தாயிற்று. 'கொஞ்சம் பொறுங்க' என்று அனஸ்தாசியா சொன்னது அவருக்கு நஸீஹாவின் ஓலத்தில் கேட்கவில்லை. தங்கூசி நூலைச் சுட்டுவிரலில் போட்டு, சொல்லித் தந்தபடியே மெல்லமெல்லக் கீழே விட்டார். நைலோன் நூல் விரலில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஈயம் கல்லைத் தொட்டது தெரிந்தது. அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு யாரோ கதவைத் தட்டுவதைப்போல, டக், டக்.

மூன்றாவது தட்டலில் தங்கூசி விரலை அறுத்துக்கொண்டு ஓடியது.

"அனஸ்தாசியா! புடிச்சிருக்கு! என்னைப் புடிச்சிருக்கு!"

"விடாதீங்க டீச்சர்! அது இழுத்தா விடுங்க! நிண்டா இழுங்க!"

"விடுறதா, இழுக்கிறதா, சரியாச் சொல்லு புள்ள!"

நஸீஹா வாந்தியை மறந்து எழுந்து நின்று, "மச்சி, விழுந்திராதீங்க!" என்று டீச்சரின் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். மீன் போட்டுக்கு அடியில் ஓடியது, மறுபக்கம் போனது, திரும்பி வந்தது. டீச்சர் வகுப்பில் முரட்டுப் பிள்ளையோடு கதைப்பதைப்போல அதோடு கதைத்தார். "வா... வா சொல்றன்... எங்க போறாய், ஆ?" கடைசியில் தண்ணீரில் ஒரு வெள்ளி மினுக்கம். அனஸ்தாசியா வலையைப் போட்டு ஏற்றினாள். முழங்கை நீளத்தில் ஒரு பாரை, மஞ்சள் வால், போட் பலகையில் படபடவென்று அடித்தது.

"மாஷா அல்லாஹ்!" என்று டீச்சர் அதன்மேல் கையை வைத்தார். அது அடித்த அடியில் கண்ணாடி பறந்து போட் மூலையில் விழுந்தது. கண்ணாடியைத் தேடாமல் சிரித்தார். "இது நான் பிடிச்சது. இத அப்பிடியே வீட்டுக்குக் கொண்டு போறன். அவர் செவுளைத் தூக்கிப் பாக்கட்டும்."

அப்போதுதான் அனஸ்தாசியா வலையைக் கீழே வைக்காமல் மீனையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார்.

"என்ன புள்ள?"

"ஒண்டுமில்ல டீச்சர்."

"முப்பது வருசம் பிள்ளைகளுட முகம் பாத்தவ நான். சொல்லு."

அனஸ்தாசியா தலையைச் சொறிந்தாள். காற்றுக் காலம் முடிந்து, இந்தப் பருவத்தில் போட் முதன்முதலாகக் கடலுக்கு இறங்கியது இன்றைக்குத்தான். அப்படி இறங்குகிற போட்டில் ஏறுகிற முதல் மீன் அந்தோனியாருடையது. கரையில் ஏலம் போட்டு, அந்தக் காசைக் கோயில் பெட்டியில் போடவேண்டும். நோய் வருத்தத்தால் தொழிலுக்குப் போகேலாத வீடுகளுக்கு அந்தப் பெட்டியிலிருந்துதான் அரிசி போகும். அதனால்தான், வந்தவர்கள் தூண்டில் போடுமுன் அவளே ஒன்றைப் போட்டு, சின்னதாக ஏதும் ஒன்றை ஏற்றி, அந்தக் கடனை முடித்துவிடுவாள். இன்றைக்கு நஸீஹாவின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததில் முந்திவிட்டது டீச்சரின் தூண்டில்.

"நீங்க கொண்டு போங்க டீச்சர். நான் கில்பட்டுக்குச் சொல்ல மாட்டன்."

"அது எப்பிடி? உன்ட போட், உங்கட முறை." டீச்சர் பாரையைப் பார்த்தார். அது இப்போது அடங்கிக் கிடந்தது. "இன்னொண்டு பிடிச்சாப் போச்சு. நாள் முழுக்க இருக்குத்தானே?"

நாள் முழுக்க இருந்தது. மீன்தான் இல்லை. அதாவது டீச்சருக்கு இல்லை. நஸீஹா விளையாட்டாகத் தூண்டிலைப் போட்டாள், ஓரா மீன் வந்தது. மறுபடி போட்டாள், மறுபடியும் ஓரா. "எனக்கு வேணாம், நீங்க எடுங்க மச்சி" என்றாள். டீச்சர் தலையை ஆட்டினார். நஸீஹா பிடித்தது நஸீஹாவுடையது.

நடுப்பகலில் மணல்திட்டு ஒன்றில் இறங்கி, கடல் தண்ணீரில் முகம் கைகால் கழுவி வுளூச் செய்து, மைத்துனிமார் இரண்டு பேரும் ளுஹர் தொழுதார்கள். நெற்றியில் ஒட்டிய மணலோடு டீச்சர் நிமிர்ந்தபோது சுற்றிவரத் தண்ணீர், பச்சையும் நீலமுமாக. இவ்வளவு பெரிய பள்ளியில் இதற்குமுன் தொழுததில்லை என்று நினைத்தார். அனஸ்தாசியா கொண்டுவந்த தேங்காய்ச் சம்பலையும் டீச்சர் கொண்டுவந்த ரொட்டியையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள்.

பின்னேரம் களப்புத் தண்ணீர் கடலில் கலக்கிற வாய்க்குப் போனார்கள். அங்கே டீச்சருக்கு முதலில் பாசி வந்தது. அடுத்ததாக ஒரு பேத்தை. மேலே வந்ததும் அது கோபத்தில் பந்தாக ஊதிக்கொண்டது.

"மச்சி, இது சரியா நானாவப் போல!" என்று நஸீஹா தன் அண்ணனை நினைத்துக் கத்தினாள். "மீன் பழசாப் போனா இப்பிடித்தான் நிப்பார்!"

அனஸ்தாசியா சிரித்துச் சிரித்து எஞ்சின்மேல் சாய்ந்துவிட்டாள். பேத்தையைக் கடலில் விட்டார்கள். வெயில் சரிந்தது. டீச்சர் கடைசி இறாலையும் கோர்த்துப் போட்டு, விரலை அசைக்காமல் இருந்தார். ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

திரும்பி வரும்போது, "ஏலத்தில யாரும் கேக்கலாமா?" என்றார்.

"யாரும் கேக்கலாம். மீன் வாங்குற நெய்னார் முதலாளி எப்பவும் கேப்பார்."

"அந்தோனியாருட மீன் எங்களுக்கு ஆகுமா மச்சி?" என்றாள் நஸீஹா.

"மீனை ஒருத்தரும் எங்கயும் படைக்கல்ல. காசு இல்லாத வீட்டுக்குப் போகுது. ஸதகா எண்டு நினைச்சுக்க." அனஸ்தாசியாவிடம் திரும்பினார். "நான் கரையில நிண்டு கத்த மாட்டன். எனக்காக நீ கேளு. எவ்வளவு போனாலும் கேளு. அந்த மீன் எனக்கு வேணும்."

கரையில் இறங்கும்போது டீச்சரும் நஸீஹாவும் இடுப்புவரை நனைந்துவிட்டார்கள். உடுப்பு மாற்றுவதற்காக, அனஸ்தாசியாவின் வீட்டுப்பக்கம் ஓலைத்தட்டி கட்டிய மறைப்புக்குள் போனார்கள். வெளியே கில்பட் பாரையைச் சாக்கில் வைத்து ஏலத்தைத் தொடங்கினான். நெய்னார் முதலாளி கேட்டார். அனஸ்தாசியா ஏற்றிக் கேட்டாள். நெய்னார் இன்னும் கொஞ்சம் ஏற்றினார், அனஸ்தாசியா விடவில்லை, அவர் கையை உதறிக்கொண்டு ஒதுங்கி நின்றார். டீச்சர் தட்டிக்குள் நின்று மூச்சு விட்டார். முடிந்தது.

அப்போது இன்னொரு குரல் விலையை ஏற்றியது.

நஸீஹா ஓலை இடுக்கால் எட்டிப் பார்த்தாள். "மச்சி! நானா!"

டீச்சர் அபாயாவுக்குள் தலையும் கையும் மாட்டியபடி எட்டிப் பார்த்தார். வேனை விட்டு இறங்கி வந்த ஹாசிம் சாக்கின் முன்னே குந்தியிருந்தார். செவுளைத் தூக்கினார். வயிற்றை அமுக்கினார். மணந்தார். திரும்பப் போடவில்லை. இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார்.

"இந்த மாதிரி மீன் எங்கட சந்தைக்கு வாறதேயில்ல" என்றார் கில்பட்டிடம். "யார் பிடிச்சது?"

"ஒரு புது ஆள்" என்றான் கில்பட், முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல். "நல்ல கை."

"கை இல்ல தம்பி, யோகம். நான் ஏத்துறன்."

அனஸ்தாசியாவும் ஏற்றினாள். யாருக்கு எதிராகக் கேட்கிறாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். டீச்சர் எவ்வளவு போனாலும் கேட்கச் சொல்லியிருக்கிறாரே! ஹாசிம் ஏற்றினார். கூடிநின்றவர்கள் ஒவ்வொரு தடவையும், "விடாதீங்க நானா!", "விடாத அனஸ்தாசியா!" என்று இரண்டு பக்கமும் சேர்ந்து கத்தினார்கள்.

"கூப்பிடுங்க மச்சி! சொல்லுங்க!" என்று நஸீஹா பதைத்தாள்.

டீச்சர் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடினார். அங்கே ஏறிக்கொண்டிருந்தது இரண்டு பக்கமும் ஒரே வீட்டுக் காசு. அது ஒருபுறம். மறுபுறம், அந்த மனிதர் மீனை இன்னும் கீழே வைக்காமல் நிற்கிறார். அவர் இப்படி ஆசைப்பட்டு ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு நின்றதை டீச்சர் கண்டதில்லை; கண்டிருக்கவும் முடியாது, சந்தைக்குப் போனதில்லையே. நஸீஹாவின் வாயை ஒரு கையால் பொத்தி, மறு கையைத் தட்டிக்கு மேலே நீட்டி, அனஸ்தாசியாவுக்குத் தெரிகிற மாதிரி கீழே அமர்த்தினார். விடு.

அனஸ்தாசியா விட்டாள். கில்பட் மூன்று தரமும் சொன்னான்.

டீச்சர் வெளியே வந்தபோது ஹாசிம் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தார்.

"இந்தா பாரு ஜெசீமா! ஒண்டும் பிடிக்கேலாமப் போனா யோசிக்காத. இத வாங்கினன்."

"நல்ல மீனா?"

"நல்ல மீனாவா? செவுளைப் பாரு, செம்பரத்தம் பூ! கண்ணைப் பாரு! உடம்பு கல்லு மாதிரி. இப்பிடி ஒரு மீனை நான் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்ல."

"ம். இன்னும் சொல்லுங்க."

அவர் இன்னும் சொன்னார். வால், செதில், வயிறு என்று எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை டீச்சர் நல்ல மாணவியைப்போல் கேட்டுக்கொண்டு நின்றார். கரையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றார்கள். நெய்னார் முதலாளிதான் முதலில் உடைந்தார்.

"ஹாசிம், பிடிச்ச ஆளுக்கே மீனைப் புகழ்ந்து காட்டுறீரே!"

ஹாசிம் கில்பட்டைப் பார்த்தார். அனஸ்தாசியாவைப் பார்த்தார். நஸீஹா ஓரா கோர்த்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திச் சிரித்தாள். கடைசியில் அவர் மனைவியின் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். சுட்டுவிரலில் தங்கூசி அறுத்த சிவப்புக் கோடு இருந்தது.

"நோகுதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. நல்லா அறுத்திருக்கு." பிறகு மெதுவாக, சந்தையில் தெரிந்த வியாபாரியிடம் ரகசியம் கேட்கிற குரலில், "எந்த இடத்தில பிடிச்சது?" என்றார்.

வேனில் ஏறியபோது டீச்சர் மீனைப் பின்னால் வைக்க விடவில்லை. சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். புது அபாயா ஈரமானது. பாலாவிச் சந்தி வரைக்கும் ஹாசிம் கேட்டுக்கொண்டே வந்தார். என்ன தீன் போட்டாய்? எவ்வளவு ஆழம்? முதலில் எப்படிக் கொத்தியது? வாழ்க்கையில் முதல் தடவையாக மீனைப் பற்றி அவர் மனைவியிடம் கேட்கிறார், மனைவி சொல்கிறார்.

"அது போட்டுக்குக் கீழால ஓடிச்சு. நான் விடல்ல. தனியா நிண்டு இழுத்தன்."

"தனியாவா!" என்றாள் பின் சீட்டிலிருந்த நஸீஹா. "இடுப்பைப் பிடிச்சது யார்? நான் பிடிக்காட்டி மீன்தான் உங்கள வீட்டுக்குக் கொண்டு போயிருக்கும்!"

"நீ பொறு நஸீஹா" என்றார் ஹாசிம், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். "ஜெசீமா, நீ முதல்லயிருந்து சொல்லு."