மூடியைத் தொடாதே

கர்ட் ரோண்டாவை விட்டுப் போன கோடையில் அந்தத் தெருவுக்கு இருந்த பெரிய கவலை, ஆகஸ்ட் மாதத் தெருவிருந்துக்கு இனி யார் சாசேஜ் சுடுவார்கள் என்பதுதான். ரோண்டா சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்காமல் இல்லை, கேட்டார்கள். எதிர்வீட்டு ஜானிஸ் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கும் சீஸும் வேகவைத்துக் கொண்டுவந்து கொடுத்து, அவளைக் கட்டிக்கொண்டு அழவும் செய்தாள். கண்ணைத் துடைத்த கையோடு கேட்டாள்: "ஏண்டி, தெருவிருந்துக்கு மட்டும் அவன் வந்துடுவான்ல?"

வந்தான். பக்கத்து ஊரான ரசீனில் இன்னொருத்தியின் வீட்டிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். ரோண்டாவின் வீட்டு முன்னால், ரோண்டாவின் கார் நிற்கும் சிமெண்டுத் தரையில், ரோண்டாவின் கரி அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, பீரில் ஊறிய சாசேஜ்களை இடுக்கியால் புரட்டினான். தெருவின் ஆம்பிளைகள் ஆளுக்கொரு பீர் டப்பாவோடு அவனைச் சுற்றி நின்றார்கள். ரோண்டா உள்ளேயிருந்து பன் ரொட்டி சுமந்துகொண்டு வந்து வைத்தாள். அடுத்த கோடையிலும் அப்படியே. இந்தத் தடவையும் அவன் அந்த இடுக்கியைப் பிடித்துவிட்டால், சாகும்வரை அவன்தான் அங்கே நிற்பான், தான் பன் சுமக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

வெளியே சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். மில்வாக்கி நகரத்துக்குத் தெற்கே, மாவட்டச் சாலை இலாகாவில், பனி வாரும் லாரிகளுக்கு உத்தரவு கொடுக்கும் அறையில் அவளுக்கு வேலை. குளிர்காலம் முழுக்க அவள் குரலுக்கு நாற்பது ஆம்பிளைகள் நடுங்குவார்கள். "பத்தொம்போதாம் நம்பர், பாலத்து மேல உப்பு போட்டாச்சா இல்லையா? கதை வேணாம், ஆமா இல்லைன்னு சொல்லு" என்று மைக்கில் கேட்பாள். பத்தொன்பதாம் நம்பர் கதை சொல்லாமல் பதில் சொல்லும். தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்த அப்பாவுக்குப் பிறந்து, பதினேழு வயதில் வேலைக்குப் போய், கட்டியவனுக்குப் படகு வாங்கக் கூடுதல் நேரம் உழைத்தவள். பனி உருகி, புல் பச்சையானதும் இதே பெண்பிள்ளை தன் சொந்த வாசலில் வாயடைத்து நிற்கிறாள் என்றால் அது என்ன நியாயம்? அந்த யோசனை வந்தபோதெல்லாம் அவளுக்குக் காது சூடாகும்.

பிரிந்தபோது கர்ட் படகை எடுத்துக்கொண்டான். அடுப்பை விட்டுவிட்டான்; ரசீன்காரியிடம் கேஸ் அடுப்பு இருந்தது. கறுப்பு எனாமல் பூசிய உருண்டைச் சட்டி, அதன் மேல் கவிழ்த்த இன்னொரு சட்டி போல மூடி, மூன்று கால். அவ்வளவுதான் அது. ஜூலையில் ரோண்டா அதற்கு ஒரு பீட்சா வளையம் வரவழைத்தாள். சட்டிக்கும் மூடிக்கும் நடுவில் உட்காரும் எவர்சில்வர் வளையம். முன்பக்கம் அகலமாக ஒரு வாய், உள்ளே தட்டையான சுடுகல். மூடியைத் திறக்காமலே அந்த வாய் வழியாகப் பீட்சாவைத் தள்ளலாம், எடுக்கலாம். மூடி மூடியே இருப்பதால் மேல்சூடு தங்கும்.

ஜானிஸிடம் தெருவில் நின்று சொன்னாள்: "இந்த வருஷம் என் வாசல்ல பீட்சா. நான்தான் போடறேன். கர்ட் வரவேணாம்."

"ஐயோ, அருமைடி!" என்றாள் ஜானிஸ். "ஆனா சாசேஜ்?"

"உன் வீட்டுக்காரர சுடச் சொல்லு."

"வெர்னா? அவரு டோஸ்ட்டையே கரியாக்குவாரு."

வளையம் உட்காரவில்லை. சட்டியின் விளிம்பு ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கியிருந்தது. ஒரு நவம்பரில் கர்ட் தன் வண்டியைப் பின்னால் எடுத்தபோது இடித்தது அது. "ஒண்ணும் ஆகல, மூடி மூடுதுல்ல" என்று அன்றைக்குச் சொன்னான். மூடி மூடியது. வளையம் மூடவில்லை, ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி. ரோண்டா சட்டியைக் கழற்றிக் கராஜுக்குள் கொண்டுபோய், முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, விளிம்புக்குப் பின்னால் மரக்கட்டையைக் கொடுத்துச் சுத்தியலால் அடித்தாள். முதல் அடி ஒடுக்குக்கு. அடுத்தது ரசீனுக்கு. அதற்கப்புறம் எதற்கு என்று அவளுக்கே தெரியாது. எனாமல் சில்லு சில்லாகத் தெறித்து ஜீன்ஸில் விழுந்தது. ஒடுக்கு முக்கால்வாசி நிமிர்ந்தது.

மீதி இடைவெளிக்கு விறகு அடுப்புக் கதவில் வைக்கும் கண்ணாடிநார்க் கயிறு வேண்டியிருந்தது. இரும்புச் சாமான் கடைக்காரர் வெட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுக்காரருகிட்ட சொல்லுங்கம்மா, பசையை நல்லா காயவிட்டு அப்புறம் மாட்டச் சொல்லி."

"வீட்டுக்காரரு செத்துட்டாரு" என்றாள் ரோண்டா.

"அடடா. எப்போ?"

"நேத்து ராத்திரி. கயித்துக்கு எவ்வளவு?"

கயிறு ஒட்டியது, பசை காய்ந்தது. வளையத்தைத் திருகாணி போட்டு இறுக்கிய பிறகு பார்த்தால், வாய் சட்டியின் பக்கவாட்டுக் கைப்பிடிக்கு நேர் மேலே வந்திருந்தது. பீட்சா தள்ளும் மரத்துடுப்பை உள்ளே நீட்டினால் அதன் பிடி இடித்தது. எல்லாத் திருகாணியையும் கழற்றித் திருப்பி மாட்டினாள். அவள் வாயில் அன்று வந்த வார்த்தைகளை லாரிக்காரர்களும் கேட்டதில்லை.

ஒத்திகைக்குப் போட்ட முதல் பீட்சா அடியில் கரி, மேலே பச்சை மாவு. கரியைக் கல்லுக்கு அடியில் குவித்தது தப்பு என்று புரிந்தது. இரண்டாவது தடவை கரியைப் பின்பக்கமாக அரைவட்டமாய் ஒதுக்கி, அதன் மேல் ஒரு ஓக் விறகுத் துண்டு வைத்தாள். தீ மூடியின் உட்புறத்தை நக்கிக்கொண்டு முன்னால் வந்து சீஸைக் கொப்புளிக்க வைத்தது. துடுப்பில் மாவு ஒட்டாமல் இருக்க ரவை தூவினாள். மூன்றாவது பீட்சாவை நின்றபடியே முழுசாகத் தின்றாள். நன்றாக இருந்தது. அந்தக் கோடையில் அவள் கோபமில்லாமல் இருந்த பொழுது அது ஒன்றுதான், அதுவும் எதிர்வீட்டு வெர்ன் தெருவைக் கடந்து வந்து எட்டிப் பார்த்து, "மூடியைத் தொறந்து வெச்சா சீக்கிரம் வேகுமே?" என்று கேட்டதும் போய்விட்டது.

விருந்து நாள் மத்தியானம் தெருவின் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்தார்கள். மடக்கு மேஜைகள் வந்தன. ரோண்டா கரி மூட்டும் தகரக் குழாயில் கரியைப் பற்றவைத்து, சாம்பல் பூத்ததும் சட்டியில் கொட்டி ஒதுக்கி, வளையத்தை வைத்து மூடியைக் கவிழ்த்தாள். கல் சூடேறிக்கொண்டிருந்தது. தெருமுனையில் யாரோ கைதட்டினார்கள்.

"வாய்யா கர்ட்டு!" என்றது வெர்னின் குரல். "இப்பத்தான் விருந்தே ஆரம்பிக்குது!"

கர்ட் சிரித்துக்கொண்டு வந்தான். தோளில் துண்டு, கையில் சொந்த இடுக்கி, கக்கத்தில் கரி பற்றவைக்கும் எண்ணெய் டப்பா. ரோண்டா ஜானிஸைப் பார்த்தாள். ஜானிஸ் தன் கையிலிருந்த முட்டைக்கோஸ் சாலட் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"நீதானே கூப்ட்ட?"

"சும்மா ஒரு வார்த்தை சொன்னேன்டி. பாவம், அவனுக்கும் இந்தத் தெருதானே பழக்கம்."

"பழக்கம்னா பழக்கமா இருக்கட்டும். தெருவுல இருக்கட்டும்."

கர்ட் அதற்குள் ரோண்டாவின் சிமெண்டுத் தரையில் ஏறிவிட்டான். "என்ன செல்லம், என் அடுப்புக்குக் காலர் மாட்டிவிட்டிருக்க!" என்றான். ஆம்பிளைகள் சிரித்தார்கள்.

"உன் அடுப்பு இல்ல. செல்லமும் இல்ல. மூடியைத் தொடாதே."

தொட்டான். "பாக்கறேன், அவ்வளவுதான்" என்று தூக்கினான். சேர்த்து வைத்திருந்த சூடெல்லாம் ஒரே மூச்சில் மேலே போயிற்று. ரோண்டா அவன் கையிலிருந்து மூடியைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். மறுபடி சூடேறக் காத்திருந்தாள். முதல் பீட்சாவைத் தள்ளினாள். தக்காளிச் சாறு பொரியத் தொடங்கியது. வெர்ன் ஒரு பீரை நீட்டி, "விடும்மா ரோண்டா, கை தேர்ந்தவன் பாத்துக்கட்டும்" என்றான். அடுத்த மாவு உருண்டை குளிர்பெட்டியில் இருந்தது. எடுத்துவர உள்ளே போனாள். போயிருக்கக் கூடாது, ஆனால் தன் வீட்டுக்குள் போவதற்குக்கூடக் காவல் வைத்துவிட்டா போக முடியும்?

அவள் மாவைக் கையில் எடுத்தபோது வெளியே 'புஸ்' என்று ஒரு சத்தம், அப்புறம் கூச்சல். ஓடிவந்து பார்த்தாள். மூடி புல்லில் கிடந்தது. சட்டியிலிருந்து ஆள் உயரத்துக்குத் தீ எழுந்து அடங்கிக்கொண்டிருந்தது. கர்ட் முகத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். முடி பொசுங்கிய நாற்றம், அதற்கு மேல் மண்ணெண்ணெய் நாற்றம். கல்லின் மேல் அவளுடைய பீட்சா கறுத்துச் சுருண்டிருந்தது.

எல்லோரும் கர்ட்டைத்தான் சூழ்ந்தார்கள். ஈரத்துணி வந்தது, பனிக்கட்டி வந்தது, நாற்காலி வந்தது. பெரிய காயம் ஒன்றும் இல்லை. இரண்டு புருவமும் முன்முடியும் போயிருந்தன, அவ்வளவுதான்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றாள் ஜானிஸ், பதற்றத்தில். "அந்த வளையமே ஆபத்து. கடையில வாங்கினதெல்லாம் நம்ப முடியுமா?"

"கேஸ் அடைச்சிக்கும் போல உள்ள" என்றான் வெர்ன். "புள்ளைங்க இருக்கற எடம்." சொல்லிக்கொண்டே போய், ரோண்டாவின் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்து இழுத்துக்கொண்டு வந்தான்.

ரோண்டா அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவில் போய் நின்றாள். கையில் இன்னும் மாவு உருண்டை இருந்தது.

"வெர்ன், இந்தக் கல்லு மேல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா அது வெடிக்கும். அதுக்கு முன்னாடி நான் வெடிப்பேன். குழாயை மூடு."

"உன் நல்லதுக்குத்தானேம்மா..."

"குழாயை மூடுன்னேன்."

குளிர்காலத்துக் குரல் அது. வெர்ன் மூடினான்.

அவள் நாற்காலி பக்கம் திரும்பினாள். "கர்ட். சொல்லு. வளையமா கொளுத்துச்சு?"

"விடு ரோண்டா. ஆனது ஆச்சு."

"ஆமா இல்லைன்னு கேட்டேன். என்ன ஊத்தின?"

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜானிஸ் அவள் முழங்கையைப் பிடித்து, "எல்லாரும் பாக்கறாங்கடி" என்று முணுமுணுத்தாள்.

"பாக்கட்டும். ரெண்டு வருஷமா நானும்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்? வீட்டை விட்டுப் போனவனை வாசல்ல வெச்சு விருந்து நடத்தினீங்க. ஒருத்தராவது கேட்டீங்களா, ரோண்டா, உனக்கு இது எப்படி இருக்குன்னு? சாசேஜ் வெந்துச்சான்னு கேட்டீங்க. இப்ப தீயை மூட்டினவன் அவன். பழி என் அடுப்பு மேல. சொல்லு கர்ட்!"

கர்ட் ஈரத்துணியை முகத்திலிருந்து எடுத்தான். புருவம் இல்லாத முகம் ஏதோ முட்டையைப் போல மொழுமொழுவென்று இருந்தது. "கரி வெள்ளையா இருந்துச்சு" என்றான். "அணைஞ்சுட்டுதுன்னு நெனச்சேன். மூடியைத் தூக்கி, கொஞ்சூண்டு... எண்ணெய்தான்."

வெள்ளையாகச் சாம்பல் பூத்த கரிதான் சரியான சூடு என்பது இத்தனை வருஷம் கரியோடு மாரடித்தவனுக்குத் தெரியாதா? தெரியும். அவன் கை வேலை இல்லாமல் இருந்தது, அதுதான் விஷயம். யாரோ இருமினார்கள்.

"சரி" என்றாள் ரோண்டா. "எழுந்திரு. இந்தத் தரை என்னுது. எறங்கு. இனிமே ஏறாத, எந்தக் கோடையிலயும்."

"என்ன ரோண்டா, அடிபட்டவனை..." என்று வெர்ன் ஆரம்பித்தான்.

"நாற்காலி உன்னுதுதானே வெர்ன்? தூக்கிட்டுப் போய் உன் வாசல்ல போடு."

கர்ட் எழுந்தான். ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான். இடுக்கியையும் எண்ணெய் டப்பாவையும் எடுத்துக்கொண்டு சிமெண்டுத் தரையிலிருந்து தார்ச்சாலைக்கு இறங்கி, எதிர்ப்பக்கம் நடந்தான். பாதி ஆம்பிளைகள் அவனோடு போனார்கள். மீதிப்பேர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்கள்.

ரோண்டா எண்ணெய் பட்ட கரியையெல்லாம் தகரவாளியில் வாரிக் கொட்டினாள். கல்லைச் சுரண்டினாள். புதுக்கரியைத் தகரக் குழாயில் போட்டுத் தீ வைத்தாள். அது சாம்பல் பூக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்றாள். பசிக்கிறது என்று பிள்ளைகள் சிணுங்கின. சிணுங்கட்டும். அவசரப்படுத்த ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. மாவைத் தட்டியபோது ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வந்தது. அதையே துடுப்பில் போட்டு, வாய் வழியாகத் தள்ளினாள்.

வெந்து வந்ததும் பலகையில் வைத்து வெட்டினாள். ஜானிஸ் காகிதத்தட்டுகளை அடுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். அந்தத் தெருவில் வீட்டுக்காரி எப்போதும் கடைசியில்தான் சாப்பிடுவாள், மிச்சம் இருந்தால். ரோண்டா முதல் துண்டை எடுத்துத் தானே கடித்தாள். சீஸ் உதட்டைச் சுட்டது. மென்று விழுங்கினாள். இரண்டாவது துண்டையும் எடுத்தாள். ஐம்பது பேர் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரோண்டா" என்றாள் ஜானிஸ், மெல்ல. "அவனுக்கு ஒரு துண்டு எடுத்துட்டுப் போகட்டா? ரசீன் வரைக்கும் வெறும் வயித்தோட..."

ரோண்டா வாயிலிருந்ததை விழுங்கினாள். கோபம் கொஞ்சமும் தணியவில்லை. தணிய வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

"வரிசையில நில்லு. உன் முறை வந்தா உன் பங்கை நீ யாருக்கு வேணாலும் குடு" என்றாள். "உன் வாசல்ல வெச்சு."