கால் பிடித்தவன் வாக்கு

என் மீசையைப் பணயம் வைத்தது நானேதான். யாரும் கேட்கவில்லை.

பரிசம் போட்ட அன்று நடந்தது அது. பெண்ணின் தாய்மாமன் பக்கத்துத் தோட்டத்துக்காரர். குரலும் வயிறும் பெரிது. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "என்ன மாப்ள, ஒங்க லயத்துக் கல்யாணத்துல கருவாட்டுக் கொழம்பும் பருப்பும்தானே போடுவீங்க?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று வேறொருவன் இருந்திருப்பான். எனக்கு எப்போதும் புத்திக்கு முன்னால் வாய் ஓடும்.

"மரைக்கறி போடுவேன் மாமா. போடலைன்னா இந்த மீசைய எடுத்துட்டுத்தான் ஒங்க முன்னாடி நிப்பேன்."

நமுனுகுல மலைச்சரிவில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற இருபத்து நாலு வயசுக்காரனிடம் பெருமைப்பட வேறு என்ன இருக்கும்? விளக்கெண்ணெய் போட்டு வளர்த்த மீசை அது. இரண்டு பக்கமும் முறுக்கி நிற்கும். அது இல்லாமல் மாப்பிள்ளையாக உட்கார்ந்தால் அக்கம்பக்கத்துத் தோட்டமெல்லாம் பத்து வருசத்துக்கு அதைச் சொல்லியே சிரிக்கும்.

சொல்லிவிட்டேன். காட்டு மான்களிலேயே பெரிய சாதியான மரையைத்தான் காணோம். மூன்று ஞாயிறுகள் நானும் அக்காவின் புருசனும் பத்தனை என்கிற மலைப் புல்வெளியெல்லாம் மிதித்துத் திரிந்தோம். பெரிய கங்காணியிடம் இரவல் வாங்கிய துப்பாக்கி அத்தானிடமும் என்னிடமும் மாறி மாறித் தோளில் தொங்கியதுதான் மிச்சம். நாலாவது ஞாயிறு வந்தது. மறுநாள் கல்யாணம். எங்கள் லயத்து வீட்டு வரிசையின் வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. "நாளைக்குத் தாலி கட்டப்போறவன் இன்னிக்குக் காட்டுக்குப் போறானாம்!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கத்தி முடிப்பதற்குள் நாங்கள் மேல் மலையைத் தாண்டியிருந்தோம்.

பனி இன்னும் விலகவில்லை. எங்கள் நாய்கள் மூன்றும் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடின. ஓடைக்கு மேலே இருந்த புதரில் திடீரென்று அவை குரைத்த குரைப்பு இருக்கிறதே, இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது! புதர் இரண்டாகப் பிளந்தது. வெளியே வந்தது மரை. காளை மாட்டளவு உடம்பு; தலையில் ஒரு முழத்துக்கு மேல் கொம்பு. நாய்களை மிதித்துத் தள்ளிவிட்டுச் சரிவில் இறங்கியது. நானும் இறங்கினேன். ஓடினேனா உருண்டேனா தெரியாது. "எறங்குது, ஓடையில எறங்குது!" என்று அத்தான் மேலே நின்று கத்தினார்.

மரை துரத்தப்பட்டால் தண்ணீரில் நின்று நாய்களை எதிர்க்கும். அப்படியே நின்றது. இடுப்பளவு தண்ணீரில், கொம்பைத் தாழ்த்தி, மூக்கிலிருந்து புகை விட்டுக்கொண்டு. நான் ஒரு பாறையில் துப்பாக்கியைச் சாய்த்தேன். மூச்சை அடக்கிச் சுட்டேன்.

சுட்ட சத்தம் இரண்டாகக் கேட்டது. மலை எதிரொலிக்கிறது என்று நினைத்தேன். எதிரொலி இல்லை. எதிர்க்கரையிலும் புகை எழுந்தது. புகைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தொப்பி.

அந்தத் தொப்பியை எனக்குத் தெரியும். பதுளை ரோட்டில், எங்கள் தோட்டத்துக்குக் கீழே கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர்; அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுவோம். எங்கள் லயத்துக்கே அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அவர் கடையில்தான். கல்யாணம் காரியம் என்றால் பெரிய அண்டாக்களும் அவர்தான் கொடுப்பார். பன்றி சமைக்கக் கூடாது என்பது மட்டும்தான் அதற்கு அவர் சொல்லும் நிபந்தனை. என் கல்யாணத்துக்கும் இரண்டு அண்டாக்கள் முந்தின நாளே வந்து இறங்கியிருந்தன. அவரும் தன் தங்கை மகனோடு அதே ஓடைக்கு அதே காலையில் வந்திருக்கிறார்.

மரை தடுமாறிக் கரையேறி என் பக்கத்துப் புல்லில் சாய்ந்தது.

இங்கே எங்கள் மலையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆளும் முஸ்லிம் ஆளும் ஒரே மிருகத்தைச் சுட்டால், யார் குண்டு விழுத்தியது என்று யாரும் தேட மாட்டார்கள். அவர்கள் கத்தி கழுத்தில் இறங்கும்போது உயிர் இருந்தால் மிருகம் அவர்களுக்கு. கத்திக்கு முன்பே செத்திருந்தால் அவர்களால் அதை உண்ண முடியாது; எனவே அது எங்களுக்கு, தோலும் கொம்பும் மட்டும் அவர்களுக்கு. முதலில் ஓடிச் சேர்கிறவன், எந்தச் சாதியானாலும், பின்னங்கால்களைப் பிடித்து, உயிர் இருந்தால் "உசிரு இருக்கு!" என்று குரல் கொடுக்க வேண்டும். அவனுக்குக் கால் பிடித்த பங்காக ஒரு தொடை. உயிர் இருந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் கால் பிடித்தவன் வாக்குதான் முடிவு. ஏனென்றால் மிருகத்தின் உயிர் கடைசியாகத் தெரிவது அவன் கையில்தான்.

முதலில் சேர்ந்தது நான். கால்களைப் பிடித்தேன். உயிர் இருந்தது. தோலுக்கு அடியில் நரம்பு விறுவிறுவென்று ஓடுவது என் உள்ளங்கையில் தெரிந்தது.

குரல் கொடுக்கவில்லை. வேண்டுமென்றுதான் கொடுக்கவில்லை. நானா இடுப்பளவு தண்ணீரில் தத்தளித்து வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் இது செத்துவிடாதா, செத்துவிடாதா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு இருந்தேன். என்ன மனுசன் நான்!

அவர் வந்துவிட்டார். மூச்சு வாங்க மண்டியிட்டு, தலையைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்து, பிஸ்மில்லா சொல்லிக் கத்தியை இறக்கினார். அந்த நொடியில் ஒரு கால் என் பிடியிலிருந்து உருவிக்கொண்டு வந்து என் முழங்காலுக்குக் கீழே உதைத்தது. கண்ணில் பூச்சி பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமே காட்டவில்லை. நானா கழுத்துப் பக்கம் குனிந்திருந்தார், பார்க்கவில்லை. அத்தானும் நானாவின் மருமகனும் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

பிறகு, வழக்கத்தையே மறந்து, தொடங்கியது சண்டை. மரையின் உடம்பில் இரண்டு ஓட்டைகள். தோள்பட்டைக் குண்டு எங்களுடையது என்று அத்தான் சொல்ல, தோள்பட்டைதான் எங்களுடையது என்று மருமகன் சொல்ல, இரண்டு பேரும் நெஞ்சோடு நெஞ்சு மோதி நின்றார்கள். நாய்கள் ஒரு பக்கம் குரைத்தன. நானும் சும்மா இல்லை. "என் நாய் கெளப்புன மரை! என் கல்யாணத்து மரை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "எங்க வீட்டுக்கு இன்னிக்குப் பண்டாரவளைல இருந்து சம்பந்தி வீட்டார் வாராங்க தெரியுமா?" என்று மருமகன் பதிலுக்குக் கத்தினான்.

நானா மட்டும் கழுத்து வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டுக் காயத்தில் ரத்தமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டதால் வெட்டிலிருந்து பீறிடவில்லை, கசிந்தது. "துடிச்ச மாதிரியும் இருந்திச்சு, இல்லாத மாதிரியும் இருந்திச்சு," என்றார் தனக்குள். பிறகு என்னைப் பார்த்தார்.

"கால் புடிச்சது நீங்கதானே தம்பி. சொல்லுங்க. கத்தி வெச்சப்ப உசிரு இருந்திச்சா?"

உதை வாங்கிய கால் விண்விண் என்று தெறித்தது. இன்னொரு பக்கம் மாமனின் சிரிப்பு காதில் கேட்டது.

"இல்ல நானா. நான் வந்து புடிச்சப்பவே செத்துப்போச்சு."

"பொய்!" என்று பாய்ந்தான் மருமகன். நானா அவன் நெஞ்சில் கை வைத்து நிறுத்தினார். "கால் புடிச்சவர் சொல்லிட்டாரு. வா போவோம்." கத்தியைப் புல்லில் இரண்டு தரம் துடைத்தார். தோலும் கொம்பும் பிறகு அனுப்பினால் போதும் என்றார். வந்த வழியே தண்ணீரில் இறங்கிப் போய்விட்டார்.

மரை லயத்துக்குப் போன ஊர்வலத்தைக் கேட்க வேண்டுமா? மூங்கிலில் கட்டி ஆறு பேர் தூக்க, பாதி வழியிலேயே தப்பு அடிக்கிறவர்கள் வந்து சேர்ந்துகொள்ள, அக்கா ஆரத்தியோடு நின்றாள். நான் முன்னால் நொண்டி நொண்டி நடந்தேன். கல் தடுக்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மறுநாள் தாலி கட்டி முடிந்து வலம் வரும்போது, என் கையைப் பிடித்து நடந்தவள் குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்: "ஏன் நொண்டுறீங்க?" அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். "கல்லு தடுக்கிருச்சு," என்றேன். நான் அவளிடம் சொன்ன முதல் பேச்சே பொய்.

பந்தி உட்கார்ந்தது. நானாவின் அண்டாவில் வெந்த மரைக்கறி மிளகு மணக்க மணக்க இலை இலையாக வந்தது. மாமனே கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு பரிமாறினார். "ஆம்பளைன்னா இவன்டா! சொன்னான், செஞ்சான்!" என்று பந்தல் அதிர முழங்கினார். எதைக் கேட்பதற்காக மூன்று வாரம் காட்டில் அலைந்தேனோ அதைக் கேட்டுவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது, அவர் பந்தியின் கடைசிக்குப் போகும் வரைக்கும்.

அங்கே நானாவும் மருமகனும் உட்கார்ந்திருந்தார்கள். சண்டையான மறுநாளே, அழைத்த வாக்குக்காக, ஒரு தட்டு தொதல் இனிப்போடு வந்திருந்தார் அவர். மாமன் கரண்டியை நீட்டினார். நானா இலையைக் கையால் மறைத்தார். "வேணாம் அண்ணன். நான் கத்தி வைக்க முந்தியே மௌத்தாப் போயிட்டு. தம்பி சொன்னாரு." சொல்லிவிட்டுச் சோற்றில் பூசணிக்காயைப் பிசைந்தார். குத்திக் காட்டுகிற குரல் துளியும் இல்லை. என்னை அவர் முழுசாக நம்பியிருந்தார்.

எடுத்த துண்டை வாய் வரை கொண்டுபோனேன். திரும்ப இலையில் வைத்தேன். வெட்கம் காதுவரை சுட்டது.

"சாப்பிடலையா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அவளிடம் எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லிவிட்டேன். உதை, பொய், மீசை, எல்லாம். அவள் அப்போதுதான் தலையை நிமிர்த்தி என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எந்திரிச்சுப் போய் அவர்கிட்டச் சொல்லுங்க."

எழுந்தேன். பாதிப் பந்தியில் மாப்பிள்ளை எழுந்ததும் தப்புச் சத்தம் நின்றது. மாலையும் கழுத்துமாக நொண்டிக்கொண்டு கடைசி இலை வரை போனேன். வேட்டியை முழங்கால் வரை தூக்கினேன். உதை பட்ட இடம் நீலமாக வீங்கி, பிளந்த குளம்பு அப்படியே பதிந்திருந்தது.

"நானா, உசிரு இருந்துச்சு. நீங்க பிஸ்மில்லா சொன்னீங்க, கத்தி எறங்குச்சு, ஒதைச்சுது. மொதல்லயே நான் கொரல் குடுக்கல. வேணும்னுதான் குடுக்கல."

மருமகன் பாதி எழுந்துவிட்டான். நானா இடது கை விரலால் அந்தத் தடத்தை அழுத்தினார். "ஆ!" என்று துள்ளினேன்.

"கத்தி எறங்கினப்பதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எறங்கினப்பதான் நானா. கங்காணி தலையில வேணும்னாலும் அடிச்சுச் சத்தியம் பண்றேன்."

"நேத்து என் சம்பந்திக்கு முட்டைப் பொரியல் வெச்சேன்," என்றார். குரல் கனத்திருந்தது. கோபம் இருக்கத்தான் செய்தது. முகத்தில் நன்றாகவே தெரிந்தது. நான் தலையைக் குனிந்து நின்றேன். பிறகு அவர் தன் இலையில் இருந்த பூசணிக்காயை ஓரமாக ஒதுக்கினார்.

"அப்ப அது நான் அறுத்த மரைதானே? மரையும் என்னுது, அண்டாவும் என்னுது. கறி எங்க? கொண்டாங்க!"

பந்தலே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது. மாமன் வாய் பிளந்து நின்றார். நானா அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி, முதலில் மருமகன் இலையில் போட்டார், பிறகு தன் இலையில். மூன்றாவது கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்து, என் கூடவே நடந்து வந்து என் இலையில் போட்டார். "கால் புடிச்ச பங்கு. சாப்பிடுங்க," என்றார். அப்போது இறங்கியது கறி. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகைக் காரணம் சொன்னேன்.

மாமனுக்குத்தான் பொறுக்கவில்லை. "இரு இரு. அப்ப மரைக்கறி போட்டது அவரு. நீ போட்டது என்ன மாப்ள?"

நானாகூட என் முகத்தைத்தான் பார்த்தார். வீக்கம் கண்ட காலை நீட்டிப் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த நாவிதரைக் கூப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்தார். இரண்டு இழுப்பில் முடிந்தது.

வெறும் உதட்டோடு திரும்பிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்தினாள். அதற்கு மேல் அடக்க முடியாமல், கல்யாணப்பெண் என்பதையும் மறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.