‘ஆமாங்க’வுக்குப் பிறகு காத்திருந்தவர்

செல்வராணி அக்கா காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் அழைத்துச் சொன்னபோது நான் பதுளை பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். அன்று லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றில் கூட்டம். அக்காவைக் கேட்டிருந்தால், “மொதல்ல கூட்டத்த முடி தம்பி, நான் எங்க ஓடிப்போறேன்?” என்றுதான் சொல்லியிருப்பார். முடித்துவிட்டுத்தான் போனேன்.

தோட்டத்து மக்களின் கூட்டங்களை நடத்திக் கொடுப்பது எங்கள் இருவரின் தொழில். அவற்றுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அக்கா உள்ளே நுழைந்ததும் வரிசையாகக் கிடக்கும் நாற்காலிகளை இழுத்து வட்டமாகப் போடுவார். “என்ன, பெரட்டுக்கா வந்திருக்கோம்? திரும்பி உக்காருங்க, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாப்போம்!” காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் வரிசையில் நின்று பழகியவர்கள் சிரித்துக்கொண்டே திரும்புவார்கள். அதன்பின் அக்கா அதிகம் பேசமாட்டார். பேசுகிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை ஸ்பிரிங்வெளிப் பக்கம், தோட்டக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்துக்குப் பின்னால், மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. மழைக்கு முன் எல்லாக் குடும்பங்களும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு மாறவேண்டும். வந்திருந்த அரசாங்க அதிகாரி நன்றாகத்தான் விளக்கினார். “எல்லாரும் போயிருவீங்கதானே?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றது கூட்டம், ஒரே குரலில். அவர் எழுந்துவிட்டார். எனக்கும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். அக்கா மட்டும் அசையவில்லை.

“கொஞ்சம் உக்காருங்க சார். இது பெரட்டு ஆமாங்க, தொரைக்குச் சொல்றது. ஒருத்தரும் போகப்போறதில்ல.”

பிறகு கூட்டத்தைப் பார்த்தபடி சும்மா இருந்தார். அப்பப்பா, அந்த மௌனம்! யாராவது இருமினால்கூடப் போதும் என்றிருந்தது எனக்கு. கடைசியில் கொழுந்து பறிக்கும் மாரியாயி எழுந்தார்.

“நாங்க போனதும், குடியிருக்கிற காம்பராவப் பூட்டிட்டா? அப்பறம் எங்களுக்கு எங்க எடம்?”

பயப்படாதே என்று அக்கா சொல்லவில்லை. அங்கே இருந்த தோட்ட நிர்வாகியிடம் திரும்பினார். “கேட்டுச்சா சார்? பதில எனக்குச் சொல்லாதீங்க, மாரியாயிக்குச் சொல்லுங்க.”

மலை சரியாமல் நின்றால் லயத்தில் அதே காம்பரா, இல்லாவிட்டால் வேறு வீடு என்று நிர்வாகி எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தார். “அப்ப சரி, போறோம்” என்றார் மாரியாயி. உடனே மூட்டை கட்டினார்கள். மழையில் மண் இறங்கி லயத்தை மூடியபோது உள்ளே ஒரு உயிர்கூட இல்லை.

“ஆமாங்கன்னா முடிஞ்சிருச்சின்னு நெனைக்காத தம்பி. அங்கதான் கூட்டமே ஆரம்பிக்குது” என்பார் அக்கா. எத்தனையோ பேர் எத்தனையோ பயிற்சி தந்தார்கள். எனக்கு இன்றும் சோறு போடுவது இந்த ஒரு வார்த்தைதான். ‘ஆமாங்க’வுக்குப் பிறகு காத்திருப்பது, அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது. என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

சாவு வீட்டுக்கு மாரியாயி வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “மனசத் தேத்திக்கிட்டீங்களா தம்பி?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.

அவர் கையை விடவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி சும்மா நின்றார். அப்போதுதான் நான் அழுதேன்.