எண் எழுதிய ஆமைகள்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வடக்கே, சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சரக்கு வேகன்களுக்கு வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதுவது என் வேலை. பக்கத்தில் ஒரு குளம். குளிர்காலத்தில், முதுகு கூரைபோல் உயர்ந்த ஆமைகள் கரையேறி, எஞ்சின் சாம்பல் கொட்டிய மேட்டில் பின்னங்காலால் குழி பறித்து முட்டையிடும். குளத்தில் சிறியவையும் உண்டு; ஏறுபவை எல்லாம் பெரியவை. இந்த இனத்தில் பெண்தான் பெரிது என்று அதை வைத்தே புரிந்துகொண்டேன்.

குளத்தில் ஆமைக்குக் குறைவே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒரு சந்தேகம். தினமும் வருபவை வேறு வேறு ஆமைகளா, அதே ஆமைகளா? யாரிடமும் கேட்கக் கூச்சம். முட்டையை மூடிவிட்டுத் திரும்பும் ஆமையைப் பிடித்து, ஓட்டில் ஓர் எண் எழுதித் தண்ணீரில் விட்டேன். ஒன்பது வரை போயிற்று. அடுத்த குளிர்காலத்தில் புதிதாக ஒன்றுகூட ஏறவில்லை. ஐந்தாம் எண் இரண்டு முறை முட்டையிட்டது. மங்கிய எண்களின் மேல் மறுபடி பெயிண்ட் அடித்தேன்.

பொங்கலுக்குப் பிறகு ஆமைகள் வருவது குறைந்தது. ஒரு ஞாயிறு காலை, பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்த வேலூர்க்காரர் கூப்பிட்டார். யார்டில் கூலிவேலை பார்க்கும் கலாசி அவர்.

"உன் வேகன் ஒண்ணு எங்க வூட்டு வாசல்ல நிக்குதுப்பா, வந்து பாரு."

அலுமினியத் தொட்டியில் ஏழாம் எண் கிடந்தது. உள்ளே அவர் மனைவி மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். இதற்கு முன்பே நான்கைக் குழம்பு வைத்தாயிற்றாம்.

"முன்னெல்லாம் சேத்துல தேடணும். இப்ப நம்பரு தண்ணியிலயே பளிச்சுனு தெரியுது. உன் புண்ணியம்."

திரும்பிவிடத்தான் நினைத்தேன். ஆனாலும் கேட்டேன்.

"நம்பர் போடாத பெரிய ஆமை ஒண்ணாவது சிக்குச்சாண்ணே?"

அவர் யோசித்தார். "இல்லியே."

"அப்போ முட்டை வைக்கிறதே இந்த ஒம்பதுதாண்ணே. நாலு போயிடுச்சு."

அவர் தொட்டியிலிருந்து ஏழாம் எண்ணைத் தூக்கினார். பிறகு உள்ளே திரும்பி, "அரைச்சத மீனுல போட்டுடு" என்றார். என்னிடம், "எடுத்துனு போ. ஆனா இனிமே பெயிண்ட் அடிக்காத. நான் வுட்டாலும் இன்னொருத்தன் பாப்பான்" என்றார்.

குளக்கரையில் உட்கார்ந்து எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆமையைத் தண்ணீரில் விட்டேன். அந்த மாதத்திலேயே இன்னும் மூன்று ஏறின. அவற்றையும் சுரண்டினேன். மீதமிருந்த ஐந்தாம் எண்ணை மட்டும் நான் பார்க்கவே இல்லை. இப்போதும் குளிர்காலத்தில் மேட்டில் குழிகள் தெரிகின்றன. தோண்டியது எத்தனை ஆமை என்று எனக்குத் தெரிய வழியில்லை.

12 பிப்ரவரி 1984, ஞாயிறு.