ஊசியக்கா எண்ணிய நானூறு வீடுகள்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எங்கள் தெருக்களுக்கு அவர் ஊசியக்கா. அழுகிற பிள்ளையை "இதோ, ஊசியக்காவைக் கூப்பிடறேன்" என்று மிரட்டாத தாய் இல்லை. இடுப்பு வலி எடுத்தால் அதே தாய் முதலில் கூப்பிடுவதும் அவரைத்தான்.

இரண்டே கட்டில் உள்ள பிரசவ ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் அவர் நர்ஸ், நான் கம்பவுண்டர். டாக்டர் செவ்வாய்தோறும் வருவார் என்று பலகையில் எழுதியிருந்தது. பலகைக்கு மட்டும் வருடா வருடம் பெயின்ட் அடித்தார்கள். கை கழுவும் குழாயைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தோம். பீரோ கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் மருந்துப் பெட்டியின் அட்டையை மடித்துச் செருகியிருந்தோம். அந்த அறையில்தான் அக்கா ஆயிரத்துக்கு மேல் பிரசவம் பார்த்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பிள்ளை பெக்கறதை இவ்ளோ கிட்ட நின்னு பாத்தவளுக்கு எங்கடா ஆசை வரும்?" என்று சிரிப்பார்.

அவருடைய ஆசையெல்லாம் ஒரு ஆம்புலன்ஸ். சிக்கலான கேஸ் என்றால் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, சலைன் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்தபடி பெரிய ஆஸ்பத்திரிவரை போவது அவர்தானே. மனு மேல் மனு போட்டார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வந்தது: உங்கள் வார்டின் வீட்டுக் கணக்கெடுப்பு முழுமையாக இல்லை.

இல்லைதான். மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் முந்நூற்றெண்பது வீடுகள். அந்தப் பக்கம் மூன்று அடுக்குமாடிக் கட்டடங்களில் நானூறு வீடுகள். வரைபடத்தில் இரண்டும் ஒரே வார்டு. கணக்கெடுக்கப் போனவர்கள் யாரும் அந்த கேட்டைத் தாண்டியதில்லை. 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

இந்த முறை கணக்கெடுக்கும் வேலையை அக்கா தானே கேட்டு வாங்கினார். எங்கள் பக்கம் நாலு நாளில் முடிந்தது. அந்தப் பக்கம் ஆறு நாள் கேட்டிலேயே நின்றார். அங்கே வாட்ச்மேன் எங்கள் தெருக்காரன். அவன் குழந்தைகள் மூன்றும் அக்கா கையில் பிறந்தவை.

"அக்கா, உள்ள விட்டா என் வேலை போயிடும். வேலியில போற ஓணானை எடுத்து எதுக்கு மடியில விட்டுக்கறீங்க? பூட்டியிருக்குன்னு போட்டுட்டுப் போங்களேன்" என்றான்.

"பாதிக் கணக்கைக் கொண்டுபோய் நீட்டினா மூஞ்சியில விட்டெறிவாங்கடா. எண்ணினா எல்லாரையும் எண்ணணும்."

ஏழாம் நாள் குடியிருப்போர் சங்கச் செயலாளரே அலுத்துப்போய் உள்ளே விட்டார். அக்கா சாமான் ஏற்றுகிற லிஃப்டில் ஏறி இறங்கி, நானூறு கதவையும் தட்டி, ஒன்று விடாமல் எழுதி வந்தார். அத்தனையையும் கூட்டிச் சரிபார்த்துக் கொடுத்தவன் நான். இப்போது நினைத்தாலும் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

அங்கே வீட்டுக்கு மூன்று குளியலறை. இங்கே பன்னிரண்டு வீட்டுக்கு ஒன்று. வார்டு மொத்தத்தையும் கூட்டி வகுத்தால் என் வீட்டுக்கும் ஒன்றரைக் குளியலறை வருகிறது. அந்த ஒன்றரையில் இதுவரை நான் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாமல் போயிருந்தாலும் பரவாயில்லை, இந்தச் சுரைக்காய் எங்கள் குடியைக் கெடுத்தது.

மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. எங்கள் வார்டு 'முன்னேறிய பகுதி'. முன்னேறியவர்களுக்கு இரண்டு கட்டில் பிரசவ ஆஸ்பத்திரி தேவையில்லை. மூடிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்துவிடலாம். அக்காவும் நானும் உத்தரவு போட்ட அதிகாரியைப் பார்க்க ஓடினோம்.

அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். "உங்க வார்டுக் கணக்குதான் மேடம் முழுசா வந்திருக்கு. ரொம்ப சந்தோஷம். பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்பாங்களே, அந்த மாதிரி உங்க பக்கமும் மேல வந்துடுச்சு."

"நாங்க மணக்கல சார்" என்றார் அக்கா. "நாரைத் தனியா எண்ணுங்க."

"தெருத்தெருவா எண்ண படிவத்துல இடமில்ல மேடம். வார்டுதான் கணக்கு."

அடுத்த வாரமே கட்டில்கள் லாரியில் ஏறின. என்னைப் பெரிய ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்குக்கும், அக்காவை அங்கேயே பிறப்பு இறப்புப் பதிவு அறைக்கும் மாற்றினார்கள். நன்றாக எண்ணுகிறவர், எழுதட்டும் என்றார்களாம். பிள்ளை ஏந்திய கையில் பேனாவைக் கொடுத்தார்கள். எங்கள் தெருவிலும் அவரை யாரும் சும்மா விடவில்லை. "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டியேம்மா, எங்களுக்கும் சேர்த்து வெச்சிட்டியே" என்று என் அம்மாவே முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

அந்த வருடம் என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம். மூத்தவள் அக்கா கையில் பிறந்தவள். அப்போது தங்கை வலி எடுத்து நடந்தே போனாள், மறுநாள் நடந்தே வந்தாள். இந்தத் தடவை பட்டப்பகலில் ஆட்டோ. மேம்பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. பையன் அழாமல் பிறந்தான். கால் மணி நேரம் இருந்தான்.

அந்தச் சாவுச் சீட்டு பதிவு அறையில் அக்காவின் மேஜைக்கே வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு மறுபடி அதே அதிகாரியிடம் போனார். இந்தச் சாவை எங்கள் வார்டில் எழுதுங்கள், அப்போதாவது ஆஸ்பத்திரி திரும்பி வருகிறதா பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

"சாவு எங்க நடந்ததோ அந்த வார்டுலதான் மேடம் எழுதணும். உங்க வார்டுல இந்த வருஷம் குழந்தைச் சாவு பூஜ்யம். நல்ல கணக்கை ஏன் கெடுக்கறீங்க?"

மூன்றாம் நாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். போகாதே என்று நானும் சொல்லவில்லை. அவ்வளவு கோபம் எனக்கும் இருந்தது. தங்கை மட்டும் பாயில் எழுந்து உட்கார்ந்தாள். பால் கட்டிய மார்பில் ஈரத்துணி போட்டிருந்தாள்.

"எழுதிட்டாங்களா அக்கா?"

"எழுதிட்டாங்கம்மா. ஆஸ்பத்திரி இருக்கற வார்டுல."

"அப்போ நம்ம வார்டுல அவன் பொறக்கவும் இல்ல, சாகவும் இல்லையா?"

அக்கா அவள் மார்பிலிருந்து நழுவிய துணியை எடுத்துப் பிழிந்து மறுபடி போட்டார். "இல்லம்மா" என்றார். "நம்ம வார்டுல ஒண்ணுமே நடக்கல."